மேல்தளத்தின் அடியில்

கண்ணாடியிழைப் படகு மட்காது என்பார்கள். இழை மட்காது என்பது மெய்யே. ஆனால், மேல்தளத்தில் இரண்டு இழைப் படலங்களுக்கு நடுவே வைத்து மூடப்பட்டிருக்கும் ஒட்டுப்பலகை மட்கும்.

என் சகோதரியின் கணவர் பாக் நீரிணைக் கரையில் மீன்பிடித் தொழில் செய்பவர். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின்னர் நம் கடற்கரைகளில் ஃபைபர் படகுகள் பெருகின அல்லவா? அக்காலத்துப் படகொன்றைத்தான் அவர் பிறரிடமிருந்து வாங்கி ஓட்டி வந்தார். அதன் முன்பக்க மேல்தளத்தில், நங்கூரக் கயிறு கட்டும் கட்டையருகே, விரல்நீள வெடிப்பு ஒன்று தோன்றியது. காலை ஊன்றினால் தளம் மெல்ல அமுங்கிற்று.

"மேலே ஒரு மேட் ஒட்டிப் பெயின்ட் அடித்துவிடலாம் மச்சான், ஒரு நாள் வேலைதான்" என்றார் அவர்.

அவருடைய அவசரத்திற்குக் காரணம் இருந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள், விசைப்படகுகள் கடலுக்குள் செல்லத் தடை. நாட்டுப்படகுகளுக்கு அத்தடை இல்லை. மீன்வரத்துக் குறைந்து விலை ஏறும் அந்நாட்களை நம்பித்தான் அவர் கடன் வாங்கியிருந்தார்.

பழுது பார்க்க வந்த முதியவர் வெடிப்பை ஏறிட்டும் பார்க்கவில்லை. திருப்புளியின் பிடியால் தளத்தை அங்குலம் அங்குலமாகத் தட்டினார். "கேளுங்கள் ஹஜ்ரத்" என்று என்னையும் அழைத்தார். நல்ல இடம் 'டங்' என்றது. கெட்ட இடம் 'பொத்' என்றது. விரல்நீள வெடிப்பைச் சுற்றி முசல்லா அளவிற்குச் சுண்ணக்கோடு விழுந்தது.

மேற்படலத்தை அறுத்தெடுத்தபோது உள்ளிருந்த பலகை ஈரத் தேயிலைச் சக்கையைப் போலக் கறுத்திருந்தது. நீர் இறங்கிய வழி வெடிப்பன்று. கட்டையைப் பிடித்திருந்த நான்கு திருகாணிகளின் துளைகள்! பலகை மட்கித் தாங்குதல் இழந்த பின்னரே மேற்பரப்பு வெடித்திருக்கிறது.

ஈரத்தின்மேல் ரெசின் பிடிக்காது என்று முதியவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பகலெல்லாம் வெயில், இரவில் பனி படாமல் தார்ப்பாய். இப்படியே ஒன்பது நாட்கள். அண்டை வீட்டுப் படகுகள் மீனுடன் திரும்பும் நேரத்தில் மச்சான் கரைப்பக்கமே வரமாட்டார். எரிபொருளுக்கென என் சகோதரி எடுத்து வைத்திருந்த பணம் ரெசினுக்குப் போயிற்று. பெயின்ட் பூசி விற்றுத் தலைமுழுகும்படி ஒருவர் யோசனை சொன்னார். வாங்குகிறவனும் ஒரு வீட்டுப் பிள்ளை என்பது அவருக்குத் தோன்றவில்லை போலும்.

பின்னர் வேலை விரைந்தது. வெட்டிய விளிம்பைக் கனத்தைப்போல் பன்னிரண்டு மடங்கு அகலத்திற்குச் சரிவாகத் தேய்த்து, புதிய மரைன் பிளைவுட்டின் ஓரங்களுக்கும் ரெசின் ஊட்டிப் பதித்து, மேட்டை அடுக்கடுக்காக ஒட்டினார். நூறு பங்கு ரெசினுக்கு ஒன்று முதல் இரண்டு பங்கு ஹார்டனர். கோடையில் அதுவும் குறைவாக. கோபால்ட் கலவையையும் ஹார்டனரையும் நேரடியாகக் கலந்தால் தீப்பற்றி வெடிக்கும் என்பதால் இரண்டையும் எட்ட எட்டவே வைத்திருந்தார். திருகாணித் துளைகளைப் பெரிதாகக் குடைந்து, ரெசினால் நிரப்பி, அது இறுகிய பின் அதற்குள்ளேயே புதுத்துளை இட்டார். இனி நீர் கசிந்தாலும் பலகையைத் தொடாது.

படகு இறங்கியபோது தடைக்காலத்தில் 19 நாட்களே எஞ்சியிருந்தன. கடனில் பாதி இன்னும் நிற்கிறது. சென்ற வாரம் மச்சான் தாமே திருப்புளியும் கையுமாகப் பின்பக்கத் தளத்தைத் தட்டிக்கொண்டிருந்தார். அங்கும் ஓரிடம் 'பொத்' என்கிறதாம்.