கடைமடைக்கு முதல் தண்ணீர்

காலை ஷிப்ட் நேரத்தில் ஒரகடம் கூட்டுரோட்டைக் கடப்பதே ஒரு வேலை. கம்பெனி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும். இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் ஹூண்டாய் கார் வெளிவரத் தொடங்கியது. ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை 2010இல் வந்தது. அதற்குப் பிறகு இந்தப் பக்கத்து ஊர்களின் நேரம் ஷிப்ட் கணக்கில்தான் ஓடுகிறது. அந்தப் பஸ்களுக்கு எதிர்த்திசையில் படப்பை வந்து, வடக்கே திரும்பி, மணிமங்கலம் போனேன். ஏரித் தண்ணீரைக் கழனிகளுக்குப் பாய்ச்சும் நீர்க்கட்டி ஒருவர் அங்கே இன்னும் மண்வெட்டியோடு நடமாடுகிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

மணிமங்கலத்தைப் பலரும் போர்க்களமாகவே அறிவார்கள். ஏழாம் நூற்றாண்டில் முதலாம் நரசிம்மவர்மன் இரண்டாம் புலிகேசியை வென்ற இடங்களில் ஒன்று என்று கூரம் செப்பேடு இந்த ஊரைக் குறிப்பிடுகிறது. பாலாற்றிலிருந்து பெரும்பிடுகு வாய்க்கால் வெட்டிப் பரமேசுவரத் தடாகத்துக்கு நீர் கொண்டுவந்த செய்தியும் அதே செப்பேட்டில்தான் இருக்கிறது. என்னைக் கேட்டால் போரைவிட வாய்க்கால்தான் பெரிய செய்தி. வென்றவர்களும் தோற்றவர்களும் போய்விட்டார்கள். மண்ணை வெட்டி மழையைத் தேக்கும் ஏற்பாடு மட்டும் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக ஏதோ ஒரு வடிவில் நீடிக்கிறது.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்துக்கு ஏரி மாவட்டம் என்றே பெயர். நிலம் கிழக்கே கடலை நோக்கி மெல்லச் சரிகிறது. வருஷத்து மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். ஓடுகிற தண்ணீரை அங்கங்கே கரை போட்டு மறித்தால்தான் தை மாதத்து நவரைப் பயிருக்கு ஏதாவது மிஞ்சும். ஓர் ஏரி நிரம்பிக் கலங்கல் வழிந்தால் அது அடுத்த ஏரிக்கு வரத்து. மணிமங்கலத்தில் மிஞ்சுவது ஆதனூர்ப் பக்கத்து நீரோடு சேர்ந்து அடையாறாகிச் சென்னைக்குள் போகிறது. சைதாப்பேட்டைப் பாலத்தில் நின்று ஆற்றைப் பார்ப்பவர்களுக்கு இந்த ஏரி நினைவுக்கு வர வாய்ப்பில்லை.

நீர்க்கட்டிப் பெரியவருக்கு எழுபது தாண்டியிருக்கும். பெயர் போட வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். அப்பா, தாத்தா எல்லோருக்கும் இதே வேலை. காலனியில் வீடு, சொந்தக் கழனி கிடையாது. நிலம் இல்லாதவர் தண்ணீரை யார் பக்கமும் சாய்க்கமாட்டார் என்பதால்தான் இந்த வேலை அவர்களிடம் விடப்பட்டது என்று ஆய்வாளர்கள் எழுதுவதுண்டு. அந்தக் காரணத்தில் உண்மை இருக்கலாம். ஆனால் நிலம் ஏன் இல்லாமல் போனது என்ற கேள்வி அதற்குள் நைசாக மறைந்துவிடுகிறது. பக்கத்து உத்திரமேரூரின் 921ஆம் ஆண்டுக் கல்வெட்டில் ஏரி வாரியத்துக்கு ஆறு பேரைக் குடவோலையில் எடுத்த விவரம் இருக்கிறது. வாரியத்துக்கு வர நிலமும் வேண்டும், மனையும் வேண்டும், படிப்பும் வேண்டும். ராத்திரியில் சேற்றில் இறங்கி மடை அடைத்தவரைப் பற்றி அதில் பேச்சே இல்லை.

"தண்ணி வுடறது பெரிய வேல இல்ல சார். நிறுத்தறதுதான் வேல" என்றார்.

செய்தும் காட்டினார். ஒரு கழனியின் வாமடையில் தண்ணீர் சலசலத்து ஓடிக்கொண்டிருந்தது. வரப்போரம் அறுகம்புல் அடர்ந்த இடமாகப் பார்த்து மண்வெட்டியை நேராக இறக்கி, புல்லும் வேருமாக ஒரு கட்டியைப் பெயர்த்தார். புல் பக்கம் தண்ணீரைப் பார்க்கும்படி அதைத் திருப்பி வாயில் வைத்து, குதிகாலால் இரண்டு அழுத்து. வெறும் மண்ணாக இருந்தால் ஓட்டத்தில் கரைந்து போய்விடும். வேர் பிடித்த மண் நின்றது. மேலே ஒரு கை சேறு பூசினார். ஓட்டம் அடங்கி, அடுத்த கழனிக்குத் திரும்பியது. எல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் முடிந்துவிட்டது. நான் வைத்துப் பார்த்த கட்டி மிதந்து போனதைப் பார்த்து அவர் பேத்தி சிரித்தது தனிக்கதை.

தண்ணீர் தட்டுப்பாடான வருஷத்தில் யாருக்கு முதலில் விடுவது என்று கேட்டேன். கடைமடைக்குத்தான் என்றார். தலைமடைக்காரர் மதகுக்குப் பக்கத்தில் இருக்கிறார், கொஞ்சம் தண்ணீர் இருந்தாலும் எடுத்துக்கொள்வார். கடைசிக் கழனிக்குப் போய்ச்சேர வாய்க்காலில் வேகம் வேண்டும். ஏரியில் மட்டம் இறங்கிவிட்டால் அந்த வேகம் கிடைக்காது. சொல்ல எளிது. காய்ந்து நிற்கும் தன் பயிரைத் தாண்டித் தண்ணீர் ஓடுவதைப் பார்த்துக்கொண்டு ஒரு தலைமடைக்காரர் சும்மா இருக்க வேண்டுமே! அதனால்தான் இரவெல்லாம் டார்ச் லைட்டோடு வாய்க்காலோரம் நடக்க வேண்டியிருந்ததாம். விடிவதற்குள் யாராவது ஓரிடத்தில் வெட்டிவிட்டிருப்பார்கள். வெட்டியது யாரென்று மண்வெட்டித் தடத்தைப் பார்த்தே தெரிந்துவிடும். ஆனால் சபையில் பெயர் சொல்லமாட்டாராம். அடைத்துவிட்டுப் போய்விடுவார்.

கரையின் வெளிப்பக்கச் சரிவில் ஓர் இடத்தில் ஈரம் கசிந்தது. எனக்குப் பகீர் என்றது. அவர் குனிந்து உள்ளங்கையில் கொஞ்சம் ஏந்திப் பார்த்தார். தெளிந்த தண்ணீர். "இது ஒண்ணும் பண்ணாது." தெளிவாகக் கசிந்தால் கரை வியர்க்கிறது என்று விட்டுவிடலாம். மண் கலந்து வந்தால் உள்ளே நண்டு வளையோ எலி வளையோ அகலமாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது வெளிப்பக்கம் அடைத்துப் பயனில்லை. ஏரிக்குள் இறங்கி, தண்ணீர் உறிஞ்சப்படும் வாயைக் காலால் துழாவிக் கண்டுபிடித்து, வைக்கோலும் மண்ணும் திணிக்க வேண்டும். மண் அணை கட்டும் பொறியாளர்களுக்கும் பாலபாடம் இதுதான். கசிவின் அளவோடு நிறத்தையும் அவர்கள் குறித்துவைக்கிறார்கள்.

கூலி நெல்லாகவே வந்தது. அறுப்புக் களத்தில் குவியல் அளக்கும்போது அவர் பங்கு தனியாக ஒதுங்கும். 1767க்கும் 1774க்கும் இடையில் பார்னார்டு என்ற ஆங்கிலேயர் இந்தச் சீமையின் ஊர்களைக் கணக்கெடுத்தார். கோயில், கணக்கர், தச்சர், கொல்லர், வெட்டியார் என்று ஒவ்வொருவருக்கும் களத்தில் போன பங்கு அதில் இருக்கிறது. ஊரில் யாருக்கு என்ன மதிப்பு என்பதற்கும் அந்த மரக்கால் கணக்கே சாட்சி. பெரியவருக்கு அந்தப் பங்கு இப்போது பெயருக்குத்தான். சொர்ணவாரி போடுவோர் குறைந்துவிட்டார்கள். ஆயக்கட்டில் கழனிக்கு நடுவே மனைக்கற்கள் நிற்கின்றன. அறுப்பு இல்லாத இடத்தில் பங்கு எங்கிருந்து வரும்?

மகன் ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளி. இந்த வேலைக்கு வரவில்லையே என்ற வருத்தம் உண்டா என்றேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "களத்துல துண்டை இடுப்புல கட்டிக்கினு நிக்கணும் சார். அவன் ஏன் நிக்கணும்?" கைத்தொழில் அழிகிறதே என்று கண்ணீர் வடிக்க வருகிறவர்கள் இந்தப் பதிலைக் கேட்டுவிட்டு வடிப்பது நல்லது.

இருந்தாலும் ஒன்று உறுத்துகிறது. எந்த வாய்க்கால் எந்தப் பள்ளத்தில் போய் விழும், எந்த இடத்தில் ஒரு சாண் மேடு என்பதெல்லாம் அவர் காலுக்குத் தெரியும். எந்த வரைபடத்திலும் அது இல்லை. 2015 டிசம்பர் 1 அன்று தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை கொட்டியது. செம்பரம்பாக்கத்திலிருந்து 29,000 கன அடி திறந்ததைப் பற்றியே நாடு பேசியது. ஆனால் அதற்குத் தெற்கே, இந்தச் சிற்றேரிகளின் தண்ணீர் வழி தெரியாமல் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் வீடுகளுக்குள் புகுந்தது.

ஊருக்கு வெளியே ஒரு புது லேஅவுட்டுக்கு என்னை அழைத்துப்போனார். சிமென்ட் சாலைக்கு அடியில் குழாய் பதித்திருந்தார்கள். குழாயின் வாய் வாய்க்கால் தரையைவிட ஓரடி உயரத்தில் இருந்தது. தண்ணீர் அந்த ஓரடி ஏறிய பிறகுதான் உள்ளே போக முடியும். அதற்குள் பக்கத்து வீட்டு வாசற்படி நனைந்திருக்கும். மழைக்காலத்தில் இங்கிருந்து அவருக்குப் போன் வருகிறது, பெரும்பாலும் நடுராத்திரியில். மண்வெட்டியோடு வந்து, வெட்ட முடிந்த இடத்தில் வெட்டி, காலி மனைகள் வழியாகத் தண்ணீரைப் பழைய போக்குக்காலில் சேர்த்துவிடுவார். பணம் பேத்தி நம்பருக்கு ஜிபேயில் வரும்.

ஒழுங்காகத் தருகிறார்களா என்று கேட்டேன்.

"கழனிக்காரன் அறுத்தா குடுப்பான். இவங்க வடிஞ்சா குடுக்கறாங்க. வடியலன்னா போனை எடுக்கமாட்டாங்க."