ஞாயிறு என்னும் தீவு

பணியிலிருந்து ஓய்வு பெற்றவர் எல்லாரும் ஓய்வை அறிந்தவர் அல்லர். நெடுங்காலம் ஆசிரியப் பணியாற்றிய எங்கள் இருவருக்கும் இது மெல்ல மெல்லத்தான் விளங்கியது. பள்ளி மணியின் ஓசை நின்ற பின்னரும் எங்கள் இல்லத்தில் கடிகாரமே ஆட்சி செய்தது. பால், நாளிதழ், மின்கட்டணம், மருந்து என்று பகல் கழியும். நாளைய வேலைகளைக் கணக்கிடுவதில் இரவு கழியும். எங்கள் திருமணத்தின் நாற்பதாம் ஆண்டையொட்டி, அமெரிக்காவில் வாழும் மகள் கரீபியன் கடலில் ஏழு இரவுகள் செல்லும் உல்லாசக் கப்பலில் எங்களுக்கு இடம் பதிவு செய்தாள். போர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவான் துறைமுகத்தில் கப்பலேறினோம்.

மறுநாள் முழுவதும் கரையே தென்படவில்லை. நீலத்தின் மேல் நீலமாய்க் கடலும் வானும் விரிந்து கிடந்தன. மேல்தளத்தில் சாய்வு நாற்காலிகளில் அமர்ந்தோம். காலை பத்து மணிக்குள் எங்களிடம் பேச்சு தீர்ந்துவிட்டது. நாற்பது ஆண்டுகளாக நாங்கள் பேசி வந்தவை பெரும்பாலும் செய்யவேண்டியவற்றைப் பற்றியே என்பது அப்போது புலப்பட்டது. செய்வதற்கு ஒன்றும் இல்லாத இடத்தில் பேசுவதற்கும் ஒன்றும் இல்லை. அந்த மௌனம் முதலில் அச்சமூட்டியது. எழுந்து போய்விடலாம் என்று இருவருமே எண்ணினோம், எழவில்லை. வெயில் சாய்ந்த வேளையில் மௌனம் தானே இளகியது. எங்களில் ஒருவர் சிறுவயதில் ஆற்றுச் சுழலில் அகப்பட்டுப் பிழைத்த கதையை மற்றவர் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டார். ஓய்வு என்பது உறக்கம் அன்று, ஒருவரை ஒருவர் கேட்பதற்கான இடம் என்று அந்த மாலை எங்களுக்குக் கற்பித்தது.

பின்னர்த் தீவுகள் வந்தன. பார்படோசில் வெண்மணற்கரையில் காலாற நடந்தோம். செயின்ட் லூசியாவில் கடலிலிருந்தே செங்குத்தாய் எழும் பிட்டோன் என்னும் இரட்டைச் சிகரங்களை வியந்து நின்றோம். இரண்டு இலட்சம் மக்கள்கூட இல்லாத அச்சிறு தீவு, பொருளியலில் 1979-இல் ஆர்தர் லூயிசையும், இலக்கியத்தில் 1992-இல் டெரெக் வால்காட்டையும் நோபெல் பரிசாளராக உலகுக்குத் தந்திருக்கிறது.

மார்த்தினிக் தீவில்தான் எங்கள் கால்கள் தயங்கின. ஃபோர் டி பிரான்ஸ் நகரச் சந்தையில் மஞ்சளும் மல்லியும் கலந்த மணம் எங்களை நிறுத்தியது. 'கொலோம்போ' என்று எழுதி வைத்திருந்த அந்தப் பொடியை முகர்ந்தபோது எங்கள் அடுப்படியே நினைவுக்கு வந்தது. அதன் பின்னே ஒரு வரலாறு உண்டு. பிரெஞ்சுக் குடியேற்றங்களில் 1848-இல் அடிமைமுறை ஒழிந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு வேறு கைகள் தேவைப்பட்டன. 1853-இல் 'ஒரேலி' என்னும் கப்பல் முதல் தொகுதி இந்தியக் கூலிகளை இத்தீவில் இறக்கியது. தொடர்ந்து புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் ஆயிரக்கணக்கானோர் வந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் தமிழர். ஐந்தாண்டு ஒப்பந்தம் செய்து வந்தவருள் பலர் ஊர் திரும்பவே இல்லை. அவர்கள் மொழி பேச்சிலிருந்து மறைந்தது. மாரியம்மன், மதுரைவீரன் பெயர்கள் வழிபாட்டில் உருமாறி நிலைத்தன. மசாலை மணம் எல்லாருடைய உணவாயிற்று. அவர்கள் மாதக்கணக்கில் அஞ்சியபடி கடந்து வந்த அதே கடலில், நாங்கள் களைப்பாற வந்திருந்தோம். சந்தையில் வாங்கிய சிறு பொட்டலத்தின் கனம் கப்பலுக்குத் திரும்பும்வரை கையில் தெரிந்துகொண்டே இருந்தது.

இறுதியாகக் கண்டது டொமினிக்கா. 1493 நவம்பர் 3-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமையன்று, கொலம்பசு இதைக் கண்டதால் ஞாயிறு என்று பொருள்படும் இப்பெயர் வாய்த்தது. அவர் வருமுன்பே அத்தீவுக்குப் பெயர் இருந்தது. 'அவள் உடல் நெடியது' என்று பொருள்படும் 'வைதுகுபுலி' என்னும் பெயரால் கலினாகோ மக்கள் அதை அழைத்தனர். மேகம் தவழும் பசுமலைகளைப் பார்த்தபோது பழைய பெயரே பொருத்தமானது என்று தோன்றியது.

எங்கள் அறையைப் பேணியவர் கோவாவைச் சேர்ந்த ஓர் இளைஞர். காலையும் மாலையும் படுக்கையைச் சீர்செய்வார். துவாலையை ஒருநாள் யானையாகவும் மறுநாள் அன்னமாகவும் மடித்து வைப்பார். அன்று மாலை அவரிடம், "நாங்கள் இன்று பார்த்த தீவின் பெயருக்கு ஞாயிறு என்று பொருள், தம்பி" என்றோம். அவர் சிரித்தார். "அப்படியா, அம்மா? நான் அதைச் சன்னல் வழியாகப் பார்த்தேன். ஒப்பந்தம் முடியும்வரை எங்களுக்கு ஞாயிறு கிடையாது" என்றார். குறையாகச் சொல்லவில்லை, வானிலை சொல்வதுபோலச் சொன்னார். அவருடைய மகள் நடக்கத் தொடங்கியதைக் கைப்பேசியில்தான் பார்த்தாராம்.

கடல்சார் தொழிலாளர்க்கென 2006-இல் ஏற்கப்பட்டு 2013-இல் நடைமுறைக்கு வந்த பன்னாட்டு உடன்படிக்கை ஒன்று உண்டு. ஏழு நாள்களில் குறைந்தது 77 மணி நேர ஓய்வு வேண்டும் என்பது அதன் நெறிகளுள் ஒன்று. அந்நெறி இல்லாத காலத்தோடு ஒப்பிட்டால் அது பெரும் பேறு. ஆயினும் வாரத்தின் 168 மணியில் 77 போக எஞ்சுவது 91. எங்கள் ஏழு நாள் இளைப்பாறுதலைத் தாங்கி நின்றவை இத்தகைய மணிகளே.

ஏழாம் நாளின் ஓய்வைப் பேசும் பழைய சட்டம், வீட்டுத் தலைவனோடு நிற்காமல் வேலையாளையும் அயலாரையும் கால்நடையையும் அதில் சேர்த்துச் சொல்கிறது. ஓய்வைப் பெறுவது எளிது. பிறர்க்கு வழங்கும்போதுதான் அது நிறைவடைகிறது. கடலில் அந்த இளைஞருக்கு ஒரு ஞாயிற்றை வழங்க எங்களால் இயலவில்லை. ஆனால் எவரும் தம் கைக்கு எட்டும் தொலைவில் வழங்கலாம் அன்றோ?

எங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கும் அம்மையார் இப்போது ஞாயிறுகளில் வருவதில்லை. ஊதியத்தில் குறைவும் இல்லை. அன்றைய பாத்திரங்களை நாங்கள் இருவரும் துலக்குகிறோம். ஒருவர் தேய்க்க, மற்றவர் அலசுகிறார். இன்னும் கேட்கப்படாத கதைகள் பல இருக்கின்றன. அவற்றை அப்போதுதான் சொல்லிக்கொள்கிறோம்.