சிங்கப்பூரில் ஒரு மடக்கு சைக்கிள்

சிங்கப்பூரில் என் தங்கை வீட்டிலிருந்து எம்.ஆர்.டி. ரயில் நிலையம் ஒன்றரை கிலோமீட்டர். வேலை முடிந்து, குழந்தைக் காப்பகம் மூடுவதற்குள் ஓடி வர வேண்டும். "மடக்கு சைக்கிள் வாங்கிடலாமாக்கா?" என்றாள். அங்கே சைக்கிளை மடக்கி ரயிலிலேயே கொண்டு போகலாம்; 2016 டிசம்பரிலிருந்து நாள் முழுக்க அனுமதி. மடக்கினால் 120 செ.மீ. நீளம், 70 செ.மீ. உயரம், 40 செ.மீ. அகலத்துக்குள் அடங்க வேண்டும், அவ்வளவுதான்.

கடையில் விலையைக் கேட்பதற்கு முன் தூக்கிப் பார்க்கச் சொன்னேன். வழியில் மேம்பாலப் படி இருக்கிறது. இவளுக்கோ சிசேரியன் ஆகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இருப்பதிலேயே மலிவானது இரும்பு, 15 கிலோ! தினமும் அரிசி மூட்டை சுமக்கவா? அலுமினியம் 12 கிலோ. மடக்கிய பிறகும் உருட்டிப் போகலாம். 20 அங்குலச் சக்கரம் 16-ஐவிடக் குலுக்கல் குறைவு. சமதரைக்கு நிறைய கியர் எதற்கு? மட்கார்டு மட்டும் அவசியம், அந்த ஊர் மழை அப்படி!

முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து சைக்கிளை முன்னும் பின்னும் அசைத்துப் பாருங்கள். கீல் ஆடினால் வேண்டாம். மடக்கும்போது செயின் உள்பக்கமாக மறைகிறதா என்பதையும் கவனியுங்கள். இல்லையென்றால் ரயிலில் பக்கத்தில் நிற்பவரின் சேலை என்ன ஆவது?

பழசில் இப்படி ஒன்று பாதி விலைக்குக் கிடைத்தது. பிரேக் கட்டைகளும் பின் டயரும் மட்டும் மாற்றினோம்.