செடிக்கு யாரு தண்ணி ஊத்துவா?

நம்ம ஊர்ல வயசானவங்க யாரையாவது பத்து நாள் வெளியூர் கூப்பிட்டுப் பாருங்க. பஸ் ஒத்துக்காது, அங்க தண்ணி ஒத்துக்காது, ஆடி வருது, ஆவணி வருதுன்னு வரிசையா காரணம் வரும். எல்லாத்துக்கும் நாம பதில் வெச்சிருப்போம். கடைசியா ஒண்ணு வரும் பாருங்க, அதுக்கு மட்டும் நம்மகிட்ட பதில் இருக்காது. "செடிக்கு யாரு தண்ணி ஊத்துவா?"

எங்க அம்மா இந்த ஒரே கேள்வியை வெச்சு முட்டி ஆபரேஷனை ரெண்டு தடவை தள்ளிப் போட்டாங்க. மொத்தம் 23 தொட்டி. அதுல ஒண்ணு பன்னீர் ரோஜா. அப்பா வெச்சது. அப்பா இப்ப இல்ல, ரோஜா இருக்கு. அதுக்கு மேல நான் என்ன வாதாட முடியும், சொல்லுங்க?

2025 மே மாசம் ஆபரேஷன்னு டாக்டர் தேதி குறிச்சுட்டார். சென்னையில அக்கா வீட்டுல தங்கணும், பிசியோதெரபி எல்லாம் சேர்த்து 20 நாள். மே மாசம்னா அக்னி நட்சத்திரம். தஞ்சாவூர் வெயில் பத்தி தனியா சொல்ல வேண்டியதில்ல. மொட்டை மாடில வடாம் காயப் போட்டா மத்தியானத்துக்குள்ள எடுத்துடலாம், அவ்வளவுதான். மேட்டூர் தண்ணி ஜூன் 12க்கு மேலதான் வரும்ங்கறதால புது ஆறும் வறண்டு கிடக்கும். ஆபீஸ் ஆணி புடுங்குற நேரம் போக மிச்ச நேரத்துல ஒரு மாசம் இதையே ஆராய்ச்சி பண்ணேன். உங்கள்ல யாருக்காவது உபயோகப்படும்னு எழுதுறேன்.

முதல்ல கணக்கு. செடி ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்குதுன்னு தெரியாம எந்த ஏற்பாடும் செய்ய முடியாது. இதுக்கு வழி ரொம்ப சுலபம். சாயங்காலம் தண்ணி ஊத்தி, வடிஞ்சப்புறம் தொட்டியை எடை போடுங்க. மறுநாள் அதே நேரம் திரும்ப எடை போடுங்க. குறையுற ஒவ்வொரு கிராமும் ஒரு மில்லி தண்ணி. எங்க வீட்டு 12 அங்குலத் தொட்டி செம்பருத்தி வெயில்ல ஒரு நாளைக்கு 1,100 மில்லி இழுத்துச்சு. அதையே பின்கட்டுல பச்சை நிழல்வலைக்குக் கீழ வெச்சு, மண்ணு மேல ரெண்டு விரக்கடை வைக்கோல் பரப்புனப்புறம் 600 மில்லி. ஒரு பைசா மெஷின் வாங்கறதுக்கு முன்னாடியே பாதிப் பிரச்சனை தீர்ந்துச்சு. நெல்லு விளையற ஊர்ல வைக்கோலுக்கா பஞ்சம்!

அடுத்தது ஒவ்வொரு முறையா சோதனை.

பாட்டில் மூடில ஓட்டை போட்டு மண்ணுல கவுத்து வெக்கிறது எல்லாருக்கும் தெரியும். மண்ணு இளகலா இருந்தா ராத்திரியோட ராத்திரி காலி. இறுகலா இருந்தா மூணு நாளானாலும் இறங்காது. ரெண்டு நாள் பயணத்துக்குச் சரி, 20 நாளைக்கு ஆகாது.

மெடிக்கல் ஷாப்ல குளுக்கோஸ் ஏத்துற டியூப் வாங்கி மாட்டுறது இன்னொண்ணு. சாதாரண டியூப்ல 20 சொட்டு ஒரு மில்லி. மூணு செகண்டுக்கு ஒரு சொட்டுன்னு வெச்சா, பார்க்க என்னமோ கஞ்சத்தனமா தெரியும். ஆனா ஒரு நாளைக்கு 1,440 மில்லி போயிடும்! பத்து செகண்டுக்கு ஒரு சொட்டுன்னா 432 மில்லி. இதுல சிக்கல் என்னன்னா, மேல தண்ணி குறையக் குறைய அழுத்தம் குறைஞ்சு சொட்டும் மெதுவாகும். ஒரு சின்னத் தூசி அடைச்சாலும் நின்னுடும்.

சொட்டுன்னதும் அம்மா ஒரு விஷயம் சொன்னாங்க. "சிவன் கோயில்ல இதைத்தானடா பண்றாங்க." அட, ஆமாம்ல! அக்னி நட்சத்திரத்துல லிங்கத்துக்கு மேல தாரா பாத்திரம் கட்டுவாங்க. அடியில சின்ன ஓட்டை, சொட்டுச் சொட்டா விழுந்துக்கிட்டே இருக்கும். தஞ்சாவூர்லேர்ந்து பத்து கிலோமீட்டர்ல இருக்குற தென்குடித்திட்டை வசிஷ்டேஸ்வரர் கோயில்ல ஆளே வேண்டாம், ஒரு நாழிகைக்கு, அதாவது 24 நிமிஷத்துக்கு ஒரு சொட்டு விமானத்துலேர்ந்து தானா லிங்கத்து மேல விழும்னும், சந்திரகாந்தக் கல்லுதான் காரணம்னும் சொல்லுவாங்க. நான் உடனே கணக்குப் போட்டேன். ஒரு நாளைக்கு 60 சொட்டு, 3 மில்லி. சாமிக்குப் போதும், செம்பருத்திக்குப் போதாது :-)

மூணாவது, திரி. பழைய வேட்டியைக் கிழிச்சு முறுக்கி, ஒரு முனை வாளித் தண்ணியில, இன்னொரு முனை தொட்டி மண்ணுல நாலு அங்குலம் ஆழத்துல. குத்துவிளக்குத் திரி எண்ணெய் இழுக்குற அதே சங்கதி. மண்ணு காய்ஞ்சா இழுக்கும், ஈரமா இருந்தா மெதுவாகும். பருத்தியா இருக்கணும், நைலான் கயிறு சரிவராது. திரியை முதல்லயே நனைச்சுப் போடணும். முக்கியமா வாளித் தண்ணி மட்டம் தொட்டி மண்ணை விடக் கீழ இருக்கணும். வாளியை மேல வெச்சா திரியே சைஃபன் மாதிரி ஆகி வாளி முழுக்கத் தொட்டியில இறங்கிடும். துளசி, கற்பூரவல்லி, மணி பிளான்ட் மாதிரி சின்னத் தொட்டிகளுக்கு இது அருமை.

நாலாவது, மண் கலயம். சுட்ட கலயத்தைக் கழுத்து வரைக்கும் மண்ணுல புதைச்சு, தண்ணி ஊத்தி மூடி வெச்சா, மண்ணு காயக் காயக் கலயம் கசியும். கி.மு. முதல் நூற்றாண்டுலயே சீனாவுல ஃபான் ஷெங்ஜி எழுதுன விவசாய நூல்ல இந்த முறை இருக்கு. எண்ணெய் தடவாத, வர்ணம் பூசாத கலயமா இருக்கணும், இல்லன்னா கசியாது.

அஞ்சாவது, சொட்டு நீர்க் குழாயும் டைமரும். இஸ்ரேல்ல சிம்கா பிளாஸ்ங்கற இஞ்சினியர், கசியற குழாய்ப் பக்கத்துல ஒரு மரம் மட்டும் தளதளன்னு நின்னதைப் பார்த்துட்டு யோசிச்சது இதுன்னு சொல்லுவாங்க. 1965ல நெட்டாஃபிம் கம்பெனி ஆரம்பிச்சு உலகம் முழுக்கப் பரவுச்சு. டைமர் வாங்கறப்ப ஒண்ணு கவனிங்க. சாலினாய்டு வால்வு வெச்சதுல பலதுக்குத் தண்ணி அழுத்தம் வேணும். நம்ம வீட்டு டேங்க் மூணு மீட்டர் உயரத்துல இருந்தா கிடைக்கறது 0.3 பார்தான். பால் வால்வு வெச்ச டைமர்னா அழுத்தமே இல்லாட்டியும் திறக்கும். பேட்டரியில ஓடும், கரண்ட் கட் பத்திக் கவலை இல்ல.

டேங்க்லேர்ந்து நேரா எடுக்காம மாடிப்படித் திருப்பத்துல 200 லிட்டர் டிரம் வெச்சேன். ஏதாவது குழாய் புடுங்கிக்கிட்டா வீட்டுத் தண்ணி மொத்தமும் போகாது பாருங்க. ஒன்பது பெரிய தொட்டிக்கு வரிசையா குழாய் இழுத்து, ஒவ்வொண்ணுக்குக் கீழயும் ஒரு டம்ளர் வெச்சு பத்து நிமிஷம் ஓட விட்டேன். முதல் டம்ளர்ல 400 மில்லி. ஒன்பதாவதுல 130.

சிரிப்புதான் வந்துச்சு. கடைமடைப் பிரச்சனை எங்க வீட்டுப் பின்கட்டுக்கே வந்துடுச்சு! கல்லணைக் கால்வாய், நாங்க புது ஆறுன்னு சொல்றது, மேட்டூர் அணையோட சேர்ந்து 1934ல வந்தது. சுமார் 148 கிலோமீட்டர். தஞ்சாவூர் நடுவுல தண்ணி நுரைச்சுக்கிட்டு ஓடுறப்ப பேராவூரணிப் பக்கம் "இன்னும் எங்களுக்கு வரலை"ன்னு மறியல் நடக்கும். தலைமடைக்காரன் எடுத்தது போக மிச்சம்தானே கடைசிக்கு. என் குழாய்க்கு ஒரு வைத்தியம் இருந்துச்சு. கடைசி முனையைத் திருப்பிக் கொண்டாந்து டிரம் பக்கமே இணைச்சு வளையமாக்கிட்டேன். ரெண்டு பக்கமும் தண்ணி வந்ததும் ஒன்பது டம்ளர்லயும் கிட்டத்தட்ட 300 மில்லி. காலையில பத்து நிமிஷம், சாயங்காலம் பத்து நிமிஷம்னா ஆளுக்கு 600 மில்லி. ஒரு நாளைக்கு அஞ்சரை லிட்டர், 20 நாளைக்கு 110 லிட்டர். டிரம் குறையுறப்ப வேகம் குறைஞ்சாலும் சமாளிக்கலாம். ஆத்தை அப்படி வளைச்சுக் கட்ட முடியாது, அதான் வித்தியாசம்.

ஆக, கற்றாழை மாதிரி ஆறு தொட்டிக்கு ஒண்ணுமே வேண்டாம், நல்லா நனைச்சு நிழல்ல வெச்சாப் போதும். எட்டுக்குத் திரி. ஒன்பதுக்கு டிரம். எல்லாத்தையும் ஒரு வாரம் ஓட்டிக் காட்டினேன். அம்மா நாற்காலி போட்டு உக்காந்து பார்த்தாங்க. கடைசியா சொன்னாங்க: "எல்லாம் சரிடா தம்பி. தண்ணி போகும். போச்சான்னு யாரு பார்ப்பா?"

அந்தக் கேள்வியில நான் கொஞ்ச நேரம் அப்படியே நின்னுட்டேன்.

நம்ம டெல்டாவே பெரிய தானியங்கி ஏற்பாடு மாதிரிதான். மேட்டூர்ல ஷட்டர் தூக்கினா மூணு நாலு நாள்ல கல்லணை, அங்கேர்ந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம்னு பிரிஞ்சு, பள்ளத்தைப் பார்த்துத் தானா ஓடுது. ஒரு மோட்டார் கிடையாது. ஆனாலும் நீர்வளத் துறை லஸ்கர்னு ஒருத்தர் கரை மேல போய்ப் பார்த்தாத்தான் உண்டு. எங்க உடைப்பு, எந்த மதகுல ஆகாயத்தாமரை அடைச்சிருக்கு, யாரு ராத்திரில வாய்க்காலை வெட்டிவிட்டாங்கன்னு பார்க்க ஒரு ஜோடிக் கண்ணு வேணும். அந்தக் கண்ணை எந்த டைமரும் தராது. அம்மா இத்தனை நாளா செடிக்குத் தண்ணி ஊத்தறாங்கன்னு நாங்க நினைச்சோம். ஊத்தறது அஞ்சு நிமிஷ வேலை. மிச்ச நேரம் பூரா அவங்க பார்த்துக்கிட்டிருந்தாங்க. அதை யார்கிட்ட ஒப்படைக்கிறதுன்னுதான் அவங்க கேட்டிருக்காங்க.

எதுத்த வீட்டுல எட்டாவது படிக்கிற பையன் இருக்கான். பள்ளிக்கூடம் லீவு. அம்மா அவனைக் கூப்பிட்டு லஸ்கரா நியமிச்சாங்க. தண்ணி ஊத்த வேண்டாம், ரெண்டு நாளைக்கு ஒரு தரம் வந்து பார்த்தாப் போதும், இலை எப்படி இருந்தா சரி, எப்படி இருந்தா போன் பண்ணணும்னு ஒவ்வொரு செடியா காட்டினாங்க. பன்னீர் ரோஜா தொட்டியில மட்டும், குழாய் இருந்தாலும், ரெண்டு லிட்டர் கலயம் ஒண்ணு புதைச்சே ஆகணும்னுட்டாங்க. நான் மறுக்கலை.

பதினோராவது நாள் போன் வந்துச்சு. "அண்ணே, அணில் குழாயைக் கடிச்சு வெச்சிருக்கு. ரோஜா தொட்டிக்குத் தண்ணி போகலை. தரை ஈரமா இருக்கு. இலை லேசா தொங்குது." ஒன்பதாவது நாள் பார்த்தப்ப நல்லா இருந்துச்சாம். நடுவுல கலயம்தான் தாங்கியிருக்கு. கடிபட்ட இடத்தை வெட்டி, ஜாயின்ட் போட்டு இணைக்கிறது எப்படின்னு வீடியோ கால்லயே சொன்னேன். அவன் பண்ணிட்டான். பக்கத்துக் கட்டில்லேர்ந்து அம்மா, "கலயத்துலயும் ஒரு செம்பு ஊத்திடச் சொல்லு"ன்னாங்க. கால்ல கட்டு, முகத்துல வலி, ஆனா குரல் மட்டும் பின்கட்டுல நிக்கிற குரல்.

திரும்பி வந்தப்ப புதினா ஒண்ணும் வாடாமல்லி ஒண்ணும் போயிருந்துச்சு. மிச்சம் 21 உயிரோட. பன்னீர் ரோஜா பாதி இலையைக் கொட்டிட்டு, கணுவுல சிவப்பா துளிர் விட்டிருந்துச்சு. அம்மா வாக்கரைப் பிடிச்சுக்கிட்டு ஒரு சுத்து பார்த்துட்டு, பையனுக்கு ஐநூறு ரூபா கொடுக்கச் சொன்னாங்க. என் டைமரைப் பத்தி ஒரு வார்த்தை கூட இல்ல, கவனிச்சீங்களா? :-)

இன்னொரு முட்டி பாக்கி இருக்கு. அதுக்கு ஐப்பசி மழையில போயிடலாம், வெயில் உபத்திரவம் இருக்காதுன்னு அம்மாவே மாசம் சொல்லிட்டாங்க. பையனுக்கு அப்ப பள்ளிக்கூடம் இருக்கும், சாயங்காலம் வந்து பாருன்னு இப்பவே சொல்லியும் வெச்சாச்சு.

உங்க வீட்டுல இந்தக் கேள்வியைக் கேட்டு ஊருக்கு வர மாட்டேன்னு சொல்றவங்க இருந்தா, குழாய், டைமர் வாங்கறதுக்கு முன்னாடி அவங்க யாரை நம்புவாங்கன்னு கேட்டுப் பாருங்க. வேற முறை வெச்சு 20 நாள் தாண்டினவங்க இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, குறிப்பா அணிலுக்கு வழி தெரிஞ்சவங்க.

டிஸ்கி: திரி வெக்கிற வாளியையும் டிரம்மையும் திறந்து போட்டுட்டுப் போயிடாதீங்க. கொசு முட்டை பத்து நாளுக்குள்ள கொசுவாயிடும், டெங்கு கொசுவுக்கு இந்த மாதிரி நல்ல தண்ணிதான் பிடிக்கும். மூடி போட்டு, திரி நுழையற அளவுக்கு மட்டும் ஓட்டை விடுங்க. ஓட்டையில மிச்சம் இடைவெளி இருந்தா துணி வெச்சு அடைச்சுடுங்க.