ஒரு பாத்தி நிறையுற நேரம்

மஞ்சள் தாள் காய ஆரம்பிச்சாச்சு. தை பொறந்ததும் தாளை அறுத்துட்டு, கொஞ்ச நாள் விட்டு கிழங்கு வெட்டணும். மஞ்சள் வெட்டையும் வேக வைக்கறதையும் படத்தோட எழுதச் சொல்லி சென்னையில இருந்தும் பெங்களூர்ல இருந்தும் கேட்டிருந்தீங்க. எழுதறேன். அதுக்கு முன்னாடி இன்னொண்ணு எழுத வேண்டியிருக்கு. பங்குனியில மஞ்சள் பணம் கைக்கு வர்றதுக்குள்ள அதை எழுதிடணும்னு ஒரு பயம்.

2024-ல போன்ல காசு வெச்சு சீட்டாடி 2,36,000 ரூபாய் விட்டேன். முதல்ல ரம்மி, அப்புறம் போக்கர்.

பல வருஷத்துக்கு அப்புறம் மஞ்சளுக்கு நல்ல விலை கெடச்ச வருஷம் அது. குவிண்டால் ஆறாயிரம், ஏழாயிரம்னு வித்து வித்து அலுத்துப் போயிருந்த எங்க பக்கத்துல, அந்தப் பங்குனியில எல்லார் மூஞ்சியிலயும் ஒரு தெளிவு. என் வீட்டுலயும் இருந்துது. ரெண்டு ஏக்கர் மஞ்சள். உரம், ஆள் கூலி, வேக வெச்ச கூலி எல்லாம் போக கையில நின்ன பணம்தான், நான் மேலே சொன்ன கணக்கு. கிட்டத்தட்ட மொத்தமும்.

எப்படி ஆரம்பிச்சுதுன்னு சொல்லணும்னா, முதல்ல ராத்திரி தண்ணி கட்டறது பத்திச் சொல்லணும். டவுன்ல இருக்கறவங்களுக்கு இது தெரியாது. வீட்டுல லைட் எரியும், ஃபேன் சுத்தும், ஆனா கிணத்து மோட்டார் ஓடணும்னா மும்முனை மின்சாரம் வேணும். அது முறை வெச்சுத்தான் வரும். எங்க லைனுக்கு ஒரு வாரம் பகல்ல வந்தா அடுத்த வாரம் ராத்திரி. ராத்திரி முறைன்னா பத்து மணிக்கு மேல தோட்டத்துக்குப் போகணும். மோட்டாரைப் போட்டுட்டு மடையைத் திருப்பி விட்டுட்டு, சாளைத் திண்ணையில உக்காந்துக்கணும். ஒரு பாத்தி நிறைய இருபது நிமிஷம். நிறைஞ்சதும் மம்பட்டியோட போய் அடுத்த பாத்திக்கு மடை மாத்தணும். மறுபடி இருபது நிமிஷம். விடியற வரைக்கும் இதே வேலைதான்.

எங்கப்பா காலத்துல அந்த இருபது நிமிஷத்துக்கு பீடி இருந்துது. பக்கத்துத் தோட்டத்துக்காரர் இருந்தார், ரெண்டு பேரும் வரப்புல உக்காந்து ஊர்க்கதை பேசுவாங்க. எனக்கு போன் இருந்துது.

2024 தை மாசம் பங்காளி வீட்டுப் பையன் ஒருத்தன் ஒரு லிங்க் அனுப்பினான். சேர்ந்தா எனக்கும் காசு, சேர்த்து விட்டதுக்கு அவனுக்கும் காசு. அன்னிக்கு ராத்திரியே 600 ரூபாய் ஜெயிச்சேன். ஒரு ஆள் கூலி. தண்ணி கட்டிக்கிட்டே ஒரு ஆள் கூலி சம்பாதிச்சுட்டோமேன்னு காலையில டீக்கடை வரைக்கும் சிரிச்சுக்கிட்டே போனேன். அந்த 600 எனக்கு வராம இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்.

சீட்டு எங்க ஊருக்குப் புதுசு இல்லை. பொங்கலுக்கு, நோம்பிக்கு, புளிய மரத்தடியில துண்டை விரிச்சு ஆடறதை சின்ன வயசுல இருந்து பாத்திருக்கேன். அதுல காசு விட்டவங்களும் உண்டு, சண்டை போட்டவங்களும் உண்டு. ஆனா அந்த ஆட்டம் தானா நின்னுடும். மடியில இருக்கற காசு தீர்ந்துடும். இருட்டிடும். இல்லைன்னா வீட்டுல இருந்து யாராவது வந்து நின்னு ஒரு பார்வை பாப்பாங்க, மனுஷன் எந்திரிச்சுப் போயிடுவான். போன்ல இருட்டறது இல்லை. மடியும் காலியாகறது இல்லை, பேங்க்ல இருக்கற பணம் பூரா மடியிலதான் இருக்கு. நம்பரைத் தட்டினா பத்து செகண்டுல உள்ளே போயிடுது. நான் ஆடறதை ஒருத்தரும் பாக்கலை.

ரெண்டு மாசம் கழிச்சு ரம்மி மெதுவா இருக்குன்னு தோணி போக்கருக்கு வந்தேன். தெரியாதவங்களுக்குச் சொல்றேன்: கையில ரெண்டு சீட்டு குடுப்பாங்க. நடுவுல அஞ்சு சீட்டு, முதல்ல மூணு சேர்த்து, அப்புறம் ஒவ்வொண்ணா திறப்பாங்க. ஒவ்வொரு கட்டத்துலயும் காசு வைக்கணும், இல்லைன்னா சீட்டை மடக்கிட்டு ஒதுங்கிக்கணும். வீடியோ பாத்து ஒழுங்காத்தான் கத்துக்கிட்டேன். பத்து கை வந்தா ஏழெட்டை மடக்கிட்டுச் சும்மா உக்காந்திருக்கறவன்தான் நல்ல ஆட்டக்காரன்னு எல்லா வீடியோவுலயும் சொல்றாங்க. காத்திருக்கத் தெரியணும். அதைக் கேட்டதும் எனக்கு ஒரு தெம்பு. ஒன்பது மாசம் காத்திருந்து கிழங்கு வெட்டறவன் நான், எனக்கா காத்திருக்கத் தெரியாதுன்னு நெனச்சேன்.

தெரியலை. முதல் அரை மணி நேரம் ஒழுங்கா ஆடுவேன். ஒரு நல்ல கை தோத்துடும். நான் செஞ்சது சரி, ஆனா கடைசிச் சீட்டு எதிராளிக்கு வந்துடும். அவ்வளவுதான். அதுக்கப்புறம் ஆடறது நான் இல்லை. எந்தக் குப்பைக் கை வந்தாலும் காசை வைப்பேன். மடக்குடான்னு மனசு சொல்றது காதுல விழும், அதுக்குள்ள விரல் தட்டிடும். ஆட்டக்காரங்க இதுக்கு ‘டில்ட்’னு பேர் வெச்சிருக்காங்க. பின்பால்னு ஒரு பழைய ஆட்ட மெஷின் உண்டு. கோவத்துல அதைப் புடிச்சு உலுக்கினா ‘டில்ட்’னு காட்டிட்டு நின்னு போயிடும். அங்கே இருந்து வந்த வார்த்தை. மெஷினாவது நின்னுடுது. நான் நிக்கலை.

ஆடி மாசம் ஒரு ராத்திரி. 5,000 போட்டு ஆரம்பிச்சது ஒரு மணி வாக்குல 19,000 ஆச்சு. எந்திரிச்சிருக்கலாம். எந்திரிக்கலை. ரெண்டு மணிக்கு எல்லாம் போச்சு. போனதை எடுக்கணும்னு மறுபடி மறுபடி காசு போட்டேன். மூணரை மணிக்கு மொத்தம் 41,000 போயிருந்துது. தலையை நிமிர்த்துனப்பதான் தவளைச் சத்தம் வேற மாதிரி கேட்டுச்சு. மடை மாத்தி ரெண்டு மணி நேரத்துக்கு மேல ஆயிருந்துது. கீழ்ப்பாத்தி பூரா முழங்கால் அளவு தண்ணி, நட்டு ரெண்டு மாசமான மஞ்சள் அதுக்குள்ள நிக்குது. மஞ்சளுக்குத் தண்ணி வேணும், ஆனா தண்ணி தேங்கக் கூடாது. தேங்கினா கிழங்கழுகல் வரும். போனை இடுப்புல சொருகிட்டு விடியற வரைக்கும் வடிகால் வெட்டினேன். வெட்டும்போது வயலை நெனச்சேனான்னா இல்லை. கடைசிக் கையில என்ன பண்ணியிருக்கலாம்னுதான் நெனச்சுக்கிட்டு இருந்தேன். இன்னிக்கும் எனக்கு அசிங்கமா இருக்கறது அந்த 41,000 இல்லை, இதுதான்.

அந்தப் பாத்தியில எட்டு பார் செடி பழுத்துச் சாஞ்சுது. அந்த ஒரு ராத்திரியாலதான்னு சொல்ல முடியாது. அப்படி நாலஞ்சு ராத்திரி இருந்துது.

மஞ்சள் நடறதுக்கு வீட்டுக்காரம்மா சங்கிலியை சொசைட்டியில அடகு வெச்சிருந்தோம். பங்குனியில திருப்பிடறதா பேச்சு. ஆவணியில அவ தம்பி கல்யாணம். அடுத்த வாரம், அடுத்த வாரம்னு நாலு மாசம் ஓட்டினேன். ஆடிப் பதினெட்டு முடிஞ்ச மறுநாள், மாட்டுக்குத் தீவனம் போட்டுட்டு இருந்தவகிட்ட வந்து நின்னா.

“மாமா, எம் மூஞ்சியப் பாத்துச் சொல்லுங்க. சங்கிலி எங்க?”

“சொசைட்டியிலதான்.”

“மஞ்சப் பணம்?”

சொன்னேன். எத்தனைன்னு கேட்டா. எண்பதாயிரம்னேன். அன்னிக்கு ராத்திரி தூக்கம் வராம எழுப்பி, ஒன்றரை லட்சம்னேன். காலையில அவளே போனை வாங்கி, பேங்க் கணக்கை ஒவ்வொரு வரியாப் பாத்து, பழைய காலண்டர் தாளுக்குப் பின்னால பென்சில்ல எழுதிக் கூட்டினா. 2,36,000.

“பணம் போனா போகுதுங்க மாமா, சம்பாதிச்சுக்கலாம். மூணு தடவை மூணு கணக்குச் சொன்னீங்க பாருங்க, அதைத்தான் எப்படி எடுத்துக்கறதுன்னு தெரியலை” என்றாள்.

கல்யாணத்துக்கு அவங்க அக்கா சங்கிலியைப் போட்டுக்கிட்டுப் போனா. போட்டோவுல சிரிச்சுக்கிட்டுத்தான் நிக்கறா.

“விவசாயமே ஒரு சூதாட்டம்தானே”ன்னு அந்த நாள்ல நான் எனக்கே அடிக்கடி சொல்லிக்குவேன். மழைக்கு ஒரு பந்தயம், விலைக்கு ஒரு பந்தயம். மஞ்சளை வருஷக்கணக்கா குடோன்ல வெச்சுக்கிட்டு விலை ஏறும்னு உக்காந்திருந்தவங்க எங்க பக்கம் எத்தனையோ பேர். அதனால இதுவும் அது மாதிரிதான்னு ஒரு சமாதானம். யோசிச்சா அது பொய். வெள்ளாமையில தோத்தா, அந்த ராத்திரியே மறுபடி வெதைச்சு விட்டதை எடுக்க முடியாது. அடுத்த வைகாசி வரைக்கும் சும்மா இருந்துதான் ஆகணும். அந்த இடைவெளிதான் இத்தனை வருஷமா என்னைக் காப்பாத்தியிருக்கு. அதை என்னோட பொறுமைன்னு நான் தப்பா நெனச்சுட்டேன். பொறுமை மண்ணோடது. என் கையில இருந்துது அவசரம் மட்டும்தான்.

சட்டம் என்ன பண்ணுச்சுன்னு கேப்பீங்க. 2022-ல தமிழ்நாட்டுல தடைச் சட்டம் போட்டாங்க, ஒப்புதல் 2023 ஏப்ரல்ல வந்துது. அந்த நவம்பர்லயே சென்னை உயர் நீதிமன்றம், ரம்மியும் போக்கரும் திறமை ஆட்டம், அதுக்குத் தடை பொருந்தாதுன்னு சொல்லிடுச்சு. திறமை ஆட்டம்தான், நான் மறுக்கலை. ராத்திரி ரெண்டு மணிக்கு, தோத்த சூட்டுல, தனியா உக்காந்திருக்கறவன்கிட்ட அந்தத் திறமை எவ்வளவு மிச்சம் இருக்கும்ங்கறதுதான் என் கேள்வி. 2025 பிப்ரவரியில ராத்திரி பன்னெண்டு மணியில இருந்து காலை அஞ்சு மணி வரைக்கும் ஆடக் கூடாதுன்னு தமிழ்நாட்டுல விதி வந்துது. பேப்பர்ல படிச்சப்ப, யாரோ என் சாளைத் திண்ணையைப் பாத்துட்டுப் போய் எழுதின மாதிரி இருந்துது. அந்த ஆகஸ்ட்ல மத்திய அரசு, காசு வெச்சு ஆடற ஆன்லைன் ஆட்டம் எல்லாத்தையும் தடை பண்ணி சட்டம் போட்டுச்சு.

அப்போ முடிஞ்சுதா? என் கை அப்படி நெனைக்கலை. போன ஐப்பசியில ஒரு ராத்திரி, வெளிநாட்டு லிங்க்னு ஒண்ணு மெசேஜ்ல வந்துது. ஒரு வருஷத்துக்கு மேல தொடாம இருந்தவன், யோசிக்கறதுக்குள்ள 2,000 போட்டுட்டேன். இருபது நிமிஷம். போச்சு. விடிஞ்சதும் காபி குடிக்கறதுக்கு முன்னாடி வீட்டுல சொன்னேன். ஒரே தடவை, சரியான கணக்கு. அவ ஒண்ணும் சொல்லலை. போனை மட்டும் கையை நீட்டி வாங்கிக்கிட்டா.

ஆஸ்பத்திரிக்கும் போனேன். அரசு ஆஸ்பத்திரியில மனநலப் பிரிவு இருக்கறதே அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. இது புத்தி கெட்டுப் போறது மட்டும் இல்லை, உலக சுகாதார நிறுவனத்தோட நோய்ப் பட்டியல்லயே இதுக்குத் தனிப் பேர் இருக்குன்னு டாக்டர் சொன்னார். அவர் சொன்னதுல எனக்கு ஒட்டிக்கிட்டது ஒண்ணு: அந்த வேகம் வரும்போது அதோட மல்லுக்கட்ட வேண்டாம், அது ஏறும், கொஞ்ச நேரம் நிக்கும், தானா எறங்கும், அதுவரைக்கும் கைக்கு வேற வேலை குடுங்கன்னார். எவ்வளவு நேரங்கய்யான்னு கேட்டேன். இருபது நிமிஷம், அரை மணி நேரம்னார்.

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. ஒரு பாத்தி நிறையுற நேரம்.

இப்போ ராத்திரி முறைக்குப் போனா பட்டன் போன்தான். கை சட்டைப் பைக்குப் போகும்போது எந்திரிச்சு தண்ணி போற வழியைப் பாத்துட்டு வருவேன். எலி வளை இருக்கும், அடைப்பேன். ஒரு பாத்தி நிறைஞ்சுடும். சில ராத்திரி நாலு பாத்தி நிறையுற வரைக்கும் அது எறங்காது. டாக்டர்கிட்ட சொல்லணும்.

போன வாரம் மஞ்சள் மண்டிக்குப் போயிருந்தேன். “இந்தத் தடவை பணத்தை வீட்டுக்காரம்மா கணக்குலயே போட்டுடுங்க”ன்னு சொன்னேன். ஏன்னு கேட்டா என்ன சொல்றதுன்னு வழியெல்லாம் யோசிச்சுக்கிட்டுப் போனேன். அவர் பேரேட்டுல குறிச்சுக்கிட்டே, தலையைத் தூக்காம, “நீங்க மட்டும் இல்லீங்க, இது மாதிரி மூணு பேர் சொல்லிட்டுப் போயிருக்காங்க” என்றார்.

அந்த மூணு பேர் யாருன்னு நான் கேக்கலை. ஆனா இதை எழுதணும்னு தோணினது அங்கேதான். உங்கள்ல யாராவது ராத்திரி மொட்டை மாடியிலயோ ஹாஸ்டல் ரூம்லயோ போனோட உக்காந்திருந்தா, 14416-ன்னு ஒரு நம்பர் இருக்கு, மனநல உதவிக்கு, ராத்திரியிலயும் எடுப்பாங்க. தமிழ்லயே பேசலாம். காசு இல்லை. அதுக்கு முன்னாடி வீட்டுல ஒருத்தர்கிட்ட முழுக் கணக்கையும் ஒரே தடவையில சொல்லிடுங்க. நான் மூணு தவணையில சொன்னவன், அதனாலதான் சொல்றேன்.

சங்கிலி இன்னும் சொசைட்டியிலதான் இருக்கு. இந்தப் பங்குனியில திருப்பணும். பணம் அவ கணக்குக்கு வரும், அவளே போய் திருப்பிக்கட்டும், நான் வண்டி ஓட்டிக்கிட்டுப் போறேன்.

மணி பத்தாகப் போகுது, இந்த வாரம் ராத்திரி முறை. வெட்டறதுக்கு முன்னாடி கடைசித் தண்ணி. இந்தப் போனை உள்ளே குடுத்துட்டுத்தான் கிளம்பணும். மஞ்சள் வெட்டு பத்தி அடுத்த தடவை, படத்தோட.