குளோனோடு சேர்ந்து வரும் சாவி

குறியாக்கம் செய்த விர்ச்சுவல் மெஷின் ஒன்றை மூலமாக வைத்துக்கொண்டு, கேட்பவர்களுக்கெல்லாம் குளோன் எடுத்துக் கொடுப்பது எங்கள் தொழிலில் அன்றாட வேலை. வாங்கியவர் முதலில் கடவுச்சொல்லை மாற்றுவார்; வட்டு இனித் தன்னுடையது என்று நம்புவார். அந்த நம்பிக்கைதான் என்னை உறுத்துகிறது.

லினக்ஸில் பரவலாகப் பயன்படும் லக்ஸ் முறையில், தரவைப் பூட்டுவது நாம் தட்டும் கடவுச்சொல் அல்ல. வட்டை முதலில் தயார் செய்யும்போது சீரற்ற எண்ணாகப் பிறக்கும் மாஸ்டர் கீதான் பூட்டுகிறது. அது வட்டின் தொடக்கப் பகுதியான ஹெடரில் மூடி வைக்கப்பட்டிருக்கும். கடவுச்சொல் அதை வெளியே எடுத்துத் தரும், அவ்வளவே. குளோனில் ஹெடரும் அப்படியே வந்துவிடுகிறது. அதன்பின் கடவுச்சொல்லை மாற்றுவது, சாவி இருக்கும் பெட்டிக்கு வேறு பூட்டுப் போடுவதுதான். சாவி பழையதே.

ஆகவே ஒரு குளோனின் கடவுச்சொல் தெரிந்தவர் அதன் மாஸ்டர் கீயை எடுத்துக்கொண்டு, அடுத்த குளோனின் வட்டுக் கோப்பைத் திறந்துவிடலாம். அந்தக் கோப்பு பேக்கப்பிலிருந்து கிடைத்தாலும் போதும். திறக்காமலேகூடக் கசிவு உண்டு. லக்ஸ் வழக்கமாகப் பயன்படுத்தும் எக்ஸ்டிஎஸ் என்ற குறியாக்க முறையில் கீ, செக்டர், தரவு மூன்றும் ஒன்றானால் விளைவும் ஒன்றே. இரண்டு குளோன்களை ஒப்பிட்டால் எந்த 16 பைட் துண்டுகள் மாறின என்பது தெரிந்துவிடும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது நினைவகத்தோடு எடுக்கும் ஸ்னாப்ஷாட் இன்னும் மோசம். கீ அதில் திறந்த நிலையிலேயே கிடக்கலாம். சீரற்ற எண்களை உண்டாக்கும் பகுதியின் நிலையும் அதில் உறைந்துவிடுகிறது. அப்படிப்பட்ட ஸ்னாப்ஷாட்டிலிருந்து மீண்டும் மீண்டும் எழுப்பினால் அதே எண்கள் திரும்பி வந்து, சர்வரின் கையொப்பக் கீயே வெளிப்படலாம் என்று ஆய்வாளர்கள் ரிஸ்டன்பார்ட்டும் யிலெக்கும் 2010இல் காட்டினார்கள். தான் பிரதியெடுக்கப்பட்டதை மெஷினே உணர்ந்து எண்களைப் புதுப்பிக்கும் வசதி லினக்ஸ் கெர்னலில் 2022இல்தான், 5.18 பதிப்பில் வந்தது.

என் வழக்கம் இது: மூல மெஷினில் குறியாக்கம் வைப்பதில்லை, ரகசியம் எதையும் வைப்பதில்லை. ஒவ்வொரு மெஷினும் முதன்முறை இயங்கத் தொடங்கும்போது தன் கீயைத் தானே உண்டாக்கிக்கொள்ளட்டும்; எஸ்எஸ்எச் ஹோஸ்ட் கீயும் அப்படியே. ஏற்கெனவே குளோனாகிவிட்டதா? லக்ஸ் வட்டுகளைக் கையாளும் கிரிப்ட்செட்டப் கருவியின் ரீஎன்கிரிப்ட் கட்டளையால் புது மாஸ்டர் கீ போட்டு வட்டு முழுவதையும் மறுபடி எழுத வேண்டும். நேரம் பிடிக்கும், பிடிக்கட்டும். பிறர் அமைத்த சர்வர்கள் என் பொறுப்புக்கு வந்தால் அதே கருவியின் லக்ஸ்டம்ப் கட்டளை காட்டும், மாஸ்டர் கீயின் அடையாளமான டைஜஸ்ட் வரிகளை ஒத்துப் பார்ப்பேன். யுயுஐடியையும் கடவுச்சொல்லையும் மாற்றியிருந்தாலும் அந்த வரிகள் மாறியிருக்காது. இரண்டு மெஷின்களில் அவை ஒன்றாக இருந்தால், அன்றே ரீஎன்கிரிப்ட்டுக்கு நேரம் குறித்துவிடுவேன்.