உப்பும் குளிர்ந்த நீரும்

ஏப்ரல் 9

எங்கள் ஆக்சலாட்டில் (நீரில் வாழும் சாலமாண்டர்) ராணியின் இடப்பக்கச் செவுளுக்கு அடியில் ஒரு வெள்ளை நூல். டார்ச் அடித்துப் பார்த்தால் நுனி இரண்டாகப் பிரிகிறது. இரண்டும் முட்டைப் பைகள். தோலில் புகுந்த இடம் சிவந்து தடித்திருக்கிறது. நங்கூரப் புழுவேதான். பெயரில்தான் புழு, பிறப்பில் இறால், நண்டுக்குச் சொந்தம். தலைக் கொம்புகளைச் சதைக்குள் விரித்துக்கொண்டு தொங்கும். கெண்டைக் குளங்களுக்கு இது பழைய தொல்லை. ஆக்சலாட்டிலுக்குத் தீனியாக விற்கும் உயிர்மீன்களோடு பெரும்பாலும் வந்துவிடுகிறது.

"வலிக்குமாப்பா?" என்றாள் சின்னவள்.

"வலிக்குமாட்டத்தான் இருக்குது அம்மணி."

ஏப்ரல் 10

மீன் கடையில் பச்சை மருந்தை எடுத்து நீட்டினார்கள். "நாலு சொட்டு விடுங்ணா, எல்லாம் செத்துப்போயிரும்." மாலகைட் கிரீன். வாங்கவில்லை. மீனுக்குச் செதில் உண்டு. ஆக்சலாட்டிலுக்கு வெறுந்தோல், அதன் வழியாகவும் மூச்சுவிடுகிறது. நீரில் கலப்பது எதுவானாலும் உடம்புக்குள் போய்விடும். தாமிரம் கலந்த மருந்தும் ஆகாது.

ஏப்ரல் 11

கோயம்புத்தூர் மருத்துவர் முதலில் கேட்டது பதிவுச் சான்று. சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள உயிரினம் என்பதால், மத்திய அரசின் 2024 விதிகளின்படி பரிவேஷ் இணையதளத்தில் பதிந்திருக்க வேண்டும். கையோடு கொண்டு போயிருந்தேன்.

ஈரத்துணியில் ராணியைக் கிடத்தி, இடுக்கியைத் தோலை ஒட்டி வைத்துப் பிடித்தார். வெடுக்கென்று இழுக்கவில்லை. நடுவில் அறுந்தால் தலை உள்ளேயே தங்கிப் புண் சீழ் வைக்கும். மெதுவாக, நேர்கோட்டில். வந்தது, நங்கூரமும் முழுசாக. ராணி ஒருமுறை வாலை அடித்தாள், அவ்வளவுதான். எனக்குத்தான் கை நடுங்கியது.

பிறகு உப்புக் குளியல்: லிட்டருக்கு இரண்டு தேக்கரண்டி, அயோடின் சேர்க்காத உப்பு, பத்து நிமிடம். கால் மணியைத் தாண்டவே கூடாது என்று இரண்டு முறை சொன்னார்.

ஏப்ரல் 14

சித்திரை பிறந்துவிட்டது. வெளியே அனல். ராணியுடைய முன்னோர் வாழ்ந்தது கடல்மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கு மேலே, மெக்சிகோவின் சோச்சிமில்கோ வாய்க்கால்களில். 16லிருந்து 18 டிகிரிதான் ஒத்துக்கொள்ளும். 24ஐத் தாண்டினால் எதிர்ப்புச் சக்தி சரியும். அவளை மாற்றி வைத்திருக்கும் தனித் தொட்டிக்குக் குளிர்விப்பான் ராவும் பகலும் ஓடுகிறது. கரண்ட் பில்லைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை.

பழைய தொட்டியை விட்டுவைக்க முடியாது. நங்கூரப் புழுவின் முட்டையிலிருந்து வரும் குஞ்சுகள் நீரில் நீந்தித் திரியும்; 25 டிகிரியில் ஒரு தலைமுறைக்குச் சுமார் 3 வாரம் போதும். கண்ணுக்குத் தெரிந்த ஒன்றைப் பிடுங்கிவிட்டு நிம்மதியாக இருக்கிறவர்கள் இங்கேதான் தோற்கிறார்கள். நீரை வடித்து, மணலையும் ஸ்பாஞ்சையும் மொட்டைமாடியில் பரப்பினோம். அவிநாசி வெயிலில் எந்தக் குஞ்சும் பிழைக்காது.

மே 8

புது நூல் எதுவும் இல்லை. புண் இருந்த இடத்தில் தோல் மூடிவிட்டது. காலே போனாலும் முளைக்க வைக்கும் பிராணி. 1864இல் பாரிசுக்குக் கொண்டுபோன 34 ஆக்சலாட்டில்களிலிருந்து ஆய்வுக்கூடங்கள் இன்றுவரை இவற்றைப் பெருக்கிவருகின்றன. சொந்த வாய்க்காலிலோ அழிவின் விளிம்பு.

இனி ராணியின் தீனிக்கு, மருந்தடிக்காத தோட்டத்து மண்புழுவுக்குச் சேவூர்ப் பக்கம் ஒருவரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். உயிர்மீன் வேண்டாம்.